பழைய கல்லே போதும்

கள்ளக்குறிச்சியில் என் ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள், கண்ணாடித் தொட்டியில் நீந்தும் ஆரஞ்சு நிறக் கோமாளி மீனைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பார்கள். மீனுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் கல்லைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. வெள்ளிமலையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வந்த ஒரு பையன் கேட்டான்.

“ஏண்ணே, இந்தக் கல்லை மெட்ராஸ்ல காசு குடுத்தா வாங்கினீங்க? அதுவும் ஒருத்தர் போட்டு எடுத்த பழைய கல்லா? எங்க மலையில இல்லாத கல்லா? சொல்லுங்க, அடுத்த வாட்டி வரும்போது ஒரு சாக்கு கொண்டாறேன்.”

“வேணாம் தம்பி. உங்க மலைக்கல்லு இதுக்கு ஆகாது. காட்டுக்குள்ள கல்லு எடுத்தா ஃபாரஸ்ட்காரங்க உன்னையும் பிடிப்பாங்க” என்றேன். அவன் நம்பவில்லை. மேசைக்கடியிலிருந்து இரண்டு கல்லை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். ஒன்று கோமுகி அணைப் பக்கம் ரோடு போட்ட இடத்தில் கிடந்த ஜல்லி. இன்னொன்று தொட்டிக் கல். இரண்டின் மேலும் பாத்ரூம் கழுவும் ஆசிட்டை ஒவ்வொரு சொட்டு விட்டேன். ஜல்லியின் மேல் சொட்டு அப்படியே உருண்டு நின்றது. தொட்டிக் கல்லின் மேல் புஸ்ஸென்று நுரைத்துக் குமிழி விட்டு அடங்கியது. அடங்கிய இடத்தில் பொட்டளவு பள்ளம்.

விஷயம் அந்தக் குமிழியில்தான் இருக்கிறது. கல்வராயன் மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை. பல்லாவரத்தில், பரங்கிமலையில் பார்க்கும் கருங்கல்லும் அதே இனம். பூமியின் ஆழத்தில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகியது. கட்டடத்துக்கு அதைப்போல உறுதியான கல் கிடையாது. ஆனால் உள்ளே துளை இல்லை, தண்ணீர் ஊறாது. கடல் தொட்டிக்கு வேண்டிய கல் இதற்கு நேரெதிரானது. சுண்ணாம்புச் சத்துள்ளதாகவும், கையில் எடுத்தால் பருமனுக்கு ஏற்ற எடை இல்லாமல் லேசாகவும், உள்ளே முழுக்கத் துளையாகவும் இருக்க வேண்டும்.

துளை எதற்கு? மீன் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் செய்யாது. இந்த இரண்டு வகைக்கும் ஆக்சிஜன் தேவை என்பதால் கல்லின் மேல்புறத்திலும் மேலோட்டமான துளைகளிலும் குடியிருக்கும். இன்னும் உள்ளே, ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் மூன்றாவது வகை ஒன்று உண்டு. அது நைட்ரேட்டை உடைத்து வெறும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றில் விட்டுவிடும். இத்தனை வேலையும் ஒரு கல்லுக்குள் நடக்கிறது. ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங் என்பவர், பெரிய கருவிகள் எதுவும் இல்லாமல் கடலிலிருந்து எடுத்த உயிர்க்கல்லையும் காற்றுக் குமிழியையும் வைத்தே பவளத் தொட்டி வளர்க்கலாம் என்று 1961இல் எழுதினார். அதன் பிறகு உலகமெங்கும் பவளத் தொட்டி வைப்பவர்கள் கல்லைத்தான் வடிகட்டியாக நம்புகிறார்கள். மோட்டாரும் பஞ்சும் அதற்குத் துணை.

ஆனால் அவர் சொன்ன உயிர்க்கல் பவளப் பாறைத் துண்டு. அதை நம் நாட்டில் கடலிலிருந்து எடுக்கக் கூடாது. இதைச் சொல்லாமல் கல் கழுவும் கதைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. அந்தத் தீவுகளைச் சுற்றிய பவளத்தைப் பல தலைமுறையாக உடைத்து எடுத்தார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது, கார்பைடு ஆலைக்குப் போனது, வீட்டுச் சுவருக்குப் போனது. பவளத் திட்டு இருந்தால் அலை அங்கேயே உடைந்து வலுவிழக்கும். திட்டு போனதும் அலை நேராகத் தீவை அறுத்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே இருக்கும் வான் தீவு 1986இல் 16 ஹெக்டேர். 2014 வாக்கில் மிஞ்சியது சுமார் 2 ஹெக்டேர்.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. பவளப் பாறைகளைப் பற்றிய முதல் உலக மாநாடு 1969இல் நம் மண்டபம் முகாமில்தான் நடந்தது. உலகத்தின் பவள அறிஞர்கள் வந்து கூடிய அதே கரையோரத்தில், அதற்குப் பின்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பவளத்தை உடைத்து வண்டியில் ஏற்றினோம். 2001இல்தான் கல்பவளம், விசிறிப் பவளம் எல்லாம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. புலிக்கு என்ன காப்போ அதே காப்பு. உயிரோடு இருக்கும் பவளம் மட்டுமில்லை, செத்துக் காய்ந்த துண்டை வைத்திருந்தாலும் விற்றாலும் குற்றம்தான். 2005 வாக்கில் உடைப்பு அடங்கியது.

அதனால் நம்மூரில் கடல் தொட்டி வைக்க நினைப்பவருக்கு நேர்மையான வழி, மனிதர் கையால் செய்த கல். சிமெண்டோடு நொறுக்கிய சிப்பி, கல்லுப்பு சேர்த்துப் பிசைந்து வார்ப்பார்கள். இறுகியதும் தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, அது இருந்த இடமெல்லாம் துளையாகும். பீங்கான் போலச் சுட்டுச் செய்வதும் உண்டு. சிமெண்ட் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். அதற்குத் தேவையே இல்லை. வான் தீவைக் காப்பாற்ற 2015க்குப் பிறகு கடலுக்கடியில் இறக்கியவை துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகள்தான். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகையில் கட்டி வளர்த்து வருகிறது. கடலே ஏற்றுக்கொண்டதை நம் தொட்டி மறுக்காது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் வரும் அரியலூர், டால்மியாபுரம் பகுதி சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல். டால்மியாபுரத்துச் சுண்ணாம்புப் பாறையில் அந்தக் காலத்துப் பவளமே இருக்கிறது. அந்தப் பாறைதான் அரைபட்டுச் சிமெண்ட் ஆகிறது. ஆக, என் தொட்டியில் கிடக்கும் கல்லும் ஒரு விதத்தில் பழைய கடல்தான்.

சரி, புதிதாக வாங்காமல் ஏன் பழைய கல்? விலை குறைவு என்பது ஒரு காரணம். சென்னையில் கொளத்தூர் பக்கம் விசாரித்தால், ஆசையாகத் தொட்டி வைத்து, வேலை மாற்றலாலோ கரண்ட் பில்லாலோ கலைத்துவிட்டவர்கள் எப்போதும் இருப்பார்கள். கல் அவர்கள் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்துகொண்டிருக்கும். ஆனால் எனக்குப் பெரிய காரணம் வேறு. புதிய சிமெண்ட் கல் தண்ணீரில் காரத்தைக் கக்கும். பி.எச். ஒன்பது, பத்து என்று ஏறும். அது அடங்க வாரக் கணக்கில் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்தாறு வருடம் உப்புத் தண்ணீரில் ஊறிய கல் அந்தக் காரத்தையெல்லாம் எப்போதோ விட்டுவிட்டது. அதனால் பழையதுதான் உசத்தி. அதற்குள் ஏறியிருக்கும் அழுக்கைக் கழற்றினால் போதும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது மூன்று. முதலாவது, அது நிஜப் பவளமா என்று. நெகடிவ் பார்க்க நான் வைத்திருந்த லூப் இப்போது இதற்குத்தான் பயன்படுகிறது. கல்லின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தால், பவளமாக இருந்தால் மிளகளவு வட்டக் குழிகள் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொரு குழிக்குள்ளும் நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் சக்கரத்து ஆரக்கால் போல ஓடும். ஒவ்வொரு குழியும் ஒரு உயிர் இருந்த இடம். தனுஷ்கோடியில் 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரைப் படம் எடுக்கப் போனபோது அந்தக் கற்களில் இதே குழிகளைப் பார்த்தேன். காரை உதிர்ந்த இடமெல்லாம் நட்சத்திரம் நட்சத்திரமாக இருந்தன. சிமெண்ட் கல்லில் இந்த ஒழுங்கு வராது. உப்பு கரைந்த துளை சதுரமும் கோணலுமாகக் கிடக்கும், இடையில் சிப்பித் துண்டு பளபளக்கும். நட்சத்திரக் குழி தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது, தாமிரம். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் தாமிர மருந்து ஊற்றுவார்கள். சுண்ணாம்புக் கல் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும். மீன் தாங்கும், இறாலும் நத்தையும் பவள இனங்களும் தாங்காது. எந்தக் கழுவலும் அதை முழுக்க எடுக்காது. மருந்து போட்ட தொட்டியின் கல் என்று தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

மூன்றாவது பொத்தான் பாலிப்கள். கல்லில் சட்டைப் பொத்தான் அளவில் தோல் போன்ற மொட்டுகள் கூட்டமாக ஒட்டியிருக்கும். காய்ந்து சுருங்கியும் இருக்கும். இவற்றில் பாலித்தோவா என்ற இனத்தில் பாலிடாக்சின் என்ற நஞ்சு உண்டு. 1971இல் ஹவாய்த் தீவு இனமொன்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். உயிரினங்கள் உண்டாக்கும் நஞ்சுகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று. 2018இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஒரு வீட்டில் தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு காற்றில் கலந்து, குடும்பமே மருத்துவமனைக்குப் போனது.

அதனால் பெரிய எழுத்தில் சொல்கிறேன்: கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். ‘சுடுதண்ணியில போட்டு எடுத்தா எல்லாக் கிருமியும் செத்துடும்’ என்பது நம் வீட்டுப் பழக்கம். பால்புட்டிக்குச் சரி. இந்தக் கல்லுக்கு அது உயிராபத்து. ஆவியோடு நஞ்சும் ஏறி மூச்சுக்குள் போகும். பிரஷர் வாஷர் வைத்து அடிப்பதும், காய்ந்த கல்லைக் கம்பிப் பிரஷால் தூசி பறக்கத் தேய்ப்பதும் அதே அளவு ஆபத்து. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, வீட்டுக்கு வெளியே வேலை. குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கம் வரக் கூடாது.

இனி கழுவும் வேலை. மொட்டை மாடியில் நீல டிரம் ஒன்றில் முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிக் கல்லை முழுக்க மூழ்க வைப்பேன். ஈரத்திலேயே, தண்ணீருக்கு அடியிலேயே வைத்து, வழுக்கும் பாசியைப் பழைய பல் பிரஷாலும் பொந்துக்குள் ஒளிந்திருக்கும் குழாய்ப் புழுக்கூடுகளைச் சின்ன ஸ்க்ரூடிரைவராலும் நெம்பி எடுப்பேன். எங்கள் போர் தண்ணீர் இதற்குப் போதும்.

அடுத்தது ப்ளீச். கடையில் விற்கும் ஐந்து சதவீத ப்ளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். பழைய மோட்டார் ஒன்றைப் போட்டுத் தண்ணீரைச் சுற்ற விட்டு, ஒன்றிரண்டு நாள் ஊற வேண்டும். தண்ணீர் ஓடாமல் நின்றால் உள் துளை வரை மருந்து போகாது. நகராட்சிக்காரர்கள் தூவும் ப்ளீச்சிங் பவுடரும் ஆகும். ஆனால் அதை வாளியில் கரைத்து வைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து ஊற்ற வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டி டிரம்முக்குள் போனால் கல்லின் துளைகளை அடைத்துவிடும். ப்ளீச் செய்யும் வேலை ஒன்றுதான்: செத்தது, அழுகியது, உயிரோடிருப்பது எதுவானாலும் எரித்துவிடும். ஐப்டேசியா என்று ஒரு களைச் செடி போன்ற கடல் சாமந்தி உண்டு. கடுகளவு சதை மிஞ்சினாலும் முழுசாக வளர்ந்துவிடும். வலோனியா என்ற பச்சைக் குமிழ்ப் பாசியும் அப்படித்தான். இரண்டும் ப்ளீச்சில் பிழைக்காது. பொத்தான் பாலிப்களின் நஞ்சும் இதில் சிதைந்துவிடும். இரண்டாம் நாள் கல் வெளுத்து வரும், நாற்றம் போயிருக்கும்.

ப்ளீச்சை எடுக்க எனக்குத் தெரிந்த பழைய நண்பன் ஒருவன் இருக்கிறான்: ஹைப்போ. ஃபிலிம் கழுவிய காலத்தில் இருட்டறையில் படத்தை நிலைநிறுத்த அதைத்தான் கரைப்போம். சோடியம் தயோசல்பேட். குளோரினைக் கண்டால் உடனே முறித்துவிடும். ஒரு கிராம் குளோரினுக்கு ஏழு கிராம் ஹைப்போ தாராளம். ஆனால் ப்ளீச் தண்ணீரிலேயே நேராகக் கொட்டக் கூடாது. முதலில் அந்தத் தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று முறை அலசி, பிறகு புதுத் தண்ணீரில் ஹைப்போ போட்டு ஒரு நாள் ஊற வைக்க வேண்டும். வாங்கும்போது சுத்தமான ஹைப்போப் படிகம் என்று கேட்டு வாங்குங்கள். ரெடிமேடு ஃபிக்ஸர் பாக்கெட்டில் படிகாரமும் வேறு சரக்கும் கலந்திருக்கும், அது ஆகாது. பிறகு மாடி வெயிலில் காயட்டும். கத்திரி வெயிலாக இருந்தால் ஒரு வாரம். உட்புறம் காய்ந்ததா என்று எடையைக் கொண்டு தெரிந்துகொள்ளலாம். காலையில் தூக்கிய எடையும் மறுநாள் தூக்கிய எடையும் ஒன்றானால் காய்ந்துவிட்டது.

இத்தோடு முடிந்தது என்று பலர் தொட்டியில் போட்டுவிடுகிறார்கள். ஒரு மாதத்தில் கல் முழுக்கப் பச்சை முடிபோலப் பாசி படரும். காரணம் பாஸ்பேட். வருடக்கணக்கில் போட்ட மீன் தீனியிலிருந்த பாஸ்பேட், சுண்ணாம்போடு பிணைந்து கல்லின் மேல்தோலில் உட்கார்ந்திருக்கும். ப்ளீச் அழுகலை எரிக்குமே ஒழிய இதைத் தொடாது. தண்ணீரில் பாஸ்பேட் குறையக் குறையக் கல் தன் கையிருப்பை அவிழ்த்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கல்லின் மேல்தோலையே கழற்ற வேண்டும். ஆசிட் வருவது இங்கேதான்.

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ப்ளீச்சும் ஆசிட்டும் ஒன்று சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915இல் முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சிப்பாய்களைக் கொன்ற அதே வாயு. அதனால்தான் நடுவில் ஹைப்போவும் ஒரு வார வெயிலும். டிரம்மும் வேறு, பிரஷும் வேறு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிட்டைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது. பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு ஆசிட் போதும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். பக்கத்தில் டூவீலர் நின்றால் நகர்த்தி விடுங்கள், ஆவி பட்டால் இரும்பு துருவேறும். கேன் மேல் என்ன இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் எங்கள் ஊரில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு பெயர் எழுதாத ஒரு பாட்டில்கூட என் மாடியில் இருக்கக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். கழுவும் ஆசிட்டைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வீடுகளைப் பார்த்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது.

கல்லைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து ஆசிட் தண்ணீரில் இறக்கியதும் டிரம் முழுக்கப் பால் பொங்குவதுபோல் நுரை எழும். முதலில் வரும் நுரை பழுப்பு நிறம். பல வருட அழுக்கு அதில் இருக்கிறது. நுரை வெளுக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுவேன். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 33 சதவீத வீரியமுள்ள ஆசிட் ஒரு லிட்டர் முழுதாக வேலை செய்தால் அரைக் கிலோ சுண்ணாம்பைத் தின்றுவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. நமக்கு வேண்டியது தோல் உரிவது மட்டும். சிமெண்ட் கல்லில் இன்னும் கவனம்: அதிகம் அரித்தால் உள்ளே இருக்கும் பச்சைச் சிமெண்ட் வெளியே வந்து மறுபடி காரம் கக்கும், பழைய கல் வாங்கிய பலனே போய்விடும். பாஸ்பேட் அவ்வளவு இல்லாத கல் என்றால் ஆசிட்டே வேண்டாம் என்பது என் கருத்து. கல்லை ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு வாரம் ஊற வைத்துப் பாஸ்பேட் சோதனை போட்டுப் பார்த்து, பிறகு முடிவெடுங்கள். கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தாலே குறையும். அதற்கு நாள் ஆகும், அவ்வளவுதான்.

மிஞ்சிய ஆசிட் தண்ணீரை என்ன செய்வது? சாக்கடையில் கொட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கள்ளக்குறிச்சி கோமுகிக் கரை ஊர். கல்வராயனில் பிறக்கும் கோமுகி மணிமுக்தாவில் சேர்ந்து, மணிமுக்தா வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருப்பது அந்த முகத்துவாரத்தில்தான். கடலை நேசித்துத் தொட்டி வைக்கிறவர் கடலுக்கே ஆசிட்டை அனுப்பலாமா? டிரம்முக்குள் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். போடப் போட நுரைக்கும். நுரை நின்றால் ஆசிட் தீர்ந்தது. மிச்சம் உப்புத் தண்ணீர். அதை நிறையத் தண்ணீர் கலந்து விடலாம், செடிக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். ப்ளீச் தண்ணீரையும் ஹைப்போ போட்டு முறித்த பிறகுதான் வெளியே விட வேண்டும். முதலில் நிறையத் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்து, ஹைப்போவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

இப்போது கல் சுத்தம், ஆனால் செத்த கல். உள்ளே ஒரு பாக்டீரியாகூட இல்லை. அதற்கு மறுபடி உயிர் வர வேண்டும். நான் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு பூட்டிக் கிடந்த இருட்டறை இதற்குத் தோதாக அமைந்தது. வெளிச்சம் இருந்தால் பாக்டீரியாவுக்கு முன்னால் பாசி வந்து உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் அது வராது. டிரம்மில் உப்புத் தண்ணீர். இது எங்கள் ஊர் போர் தண்ணீரில் ஆகாது. உரம் போட்ட நிலங்களுக்கு நடுவே எடுக்கும் தண்ணீரில் நைட்ரேட்டும், பாறையில் ஊறிய சிலிக்கேட்டும் இருக்கும். ஆர்.ஓ. போட்டு, அதற்கு மேல் டி.ஐ. வடிகட்டியும் போட்டு, டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் கடல் உப்புக் கலவை. சமையல் உப்பு இல்லை. மெக்னீசியம், கால்சியம் எல்லாம் கடலில் இருக்கும் அளவில் சேர்த்துத் தொட்டிக்கென்றே விற்பது. அடர்த்தி 1.025 இருக்க வேண்டும்.

பாக்டீரியா வளர அம்மோனியா வேண்டும். சிலர் இறாலை அழுக விடுவார்கள். அந்த நாற்றமும் பாஸ்பேட்டும் மறுபடி எதற்கு? மருந்துக்கடைத் தராசில் நிறுத்த அம்மோனியம் குளோரைடு துளி போதும். தண்ணீரில் அம்மோனியா 2 பி.பி.எம். காட்டினால் சரி. அதோடு கடைகளில் விற்கும் நைட்ரிஃபையிங் பாக்டீரியா பாட்டில் ஒன்று. பிறகு தினமும் சோதனைக்குழாயில் நிறம் பார்ப்பதுதான் வேலை. முதலில் அம்மோனியாச் சோதனை பச்சையாகும். ஒரு நாள் அது மஞ்சளுக்கு இறங்கும். அப்போது நைட்ரைட் சோதனை ஊதாவுக்கு ஏறியிருக்கும். அதுவும் வெளுத்து, நைட்ரேட் மட்டும் மிஞ்சும். போட்ட அம்மோனியா ஒரே நாளில் முழுக்க மறைந்தால் கல் தயார். நான்கு வாரமும் ஆகலாம், எட்டு வாரமும் ஆகலாம். டெவலப்பர் தட்டில் படம் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இந்த நிற மாற்றத்தைப் பார்க்க எனக்கு இன்றும் அலுப்பதில்லை. அவசரப்பட்டு மீனை விடுகிறவர்களிடம் எனக்குக் கோபமே வரும். கல்லுக்குத் தெரியாத வலியை மீன் தாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கடம் சூடு. கடல் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர், கடற்காற்று எட்டாது. மே மாதம் அறைக்குள்ளேயே தண்ணீர் 32 டிகிரிக்குப் போகும். பவளம் விரும்புவது 25, 26. மன்னார் வளைகுடாவிலேயே 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் செத்தன. சின்னத் தொட்டியின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் மேல் சின்ன ஃபேன் ஓட விட்டால் ஆவியாகி இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் கைவசம் இருக்கட்டும். தண்ணீர் ஓடாமல் பல மணி நேரம் நின்றால் கல்லுக்குள் இருக்கும் பாக்டீரியா மூச்சுத் திணறும். இத்தனை வாரம் செய்த வேலை ஒரே இரவில் வீணாகும்.

வெள்ளிமலைப் பையன் படத்தை வாங்க வந்த அன்று இருட்டறையைத் திறந்து காட்டினேன். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுமே தெரியலையேண்ணே” என்றான். தெரியாதுதான். தெரியாத அந்த உயிர் உள்ளே இருக்கிறது என்று சோதனைக்குழாயைக் காட்டினேன். மறுமுறை வரும்போது தங்கச்சியையும் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறான்.

முதல் மீனாக, கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரித்த கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் அதை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. பிறந்ததிலிருந்து தொட்டித் தண்ணீருக்குப் பழகிய மீன் என்பதால் நன்றாகத் தீனி எடுக்கும். என்றைக்காவது உங்கள் தொட்டியையும் கலைக்க நேர்ந்தால், கல்லை ஏரியிலோ குப்பையிலோ போடாமல் கழுவிக் காய வைத்து, அடுத்து ஆசைப்படுகிறவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு சீட்டில் மூன்று விவரம் எழுதிக் கட்டிவிடுங்கள்: கல் எதில் செய்தது, எத்தனை வருடம் தொட்டியில் இருந்தது, தாமிர மருந்து எப்போதாவது போட்டீர்களா.